பத்து அவதாரங்களும் பதினொரு சட்டைகளும்

பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் படிக்கும் மலர்விழியின் அப்பா எழுதுகிறேன். வருஷ ஆரம்பத்தில் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் என் மகள் 'துணி மடித்தல், தற்போது ஓய்வு' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வகுப்பே சிரித்ததாம். ஒரு பையன் எழுந்து, "அதுல இன்னா ரிட்டயர்மென்ட்டு? எங்கம்மா தெனம் மடிக்குறாங்க, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கூட இல்ல" என்று சொன்னானாம். அந்தப் பையன் சொன்னது நியாயம்தான். அவன் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் என் வேலை என்ன என்பதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்கள் டீச்சரும் எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஒன்பதாவது வரை படித்தவன். பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பதினெட்டு வருஷம் சேலை மடித்தேன். கடையில் சேலையைப் பிரித்துக் காட்டுகிறவர் ஒருவர், மடிக்கிறவர் ஒருவர். பேச்செல்லாம் காட்டுகிறவருக்குத்தான். மடிக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு குடும்பம் வந்தால் நூறு சேலை பிரியும், ஒன்றை வாங்குவார்கள், தொண்ணூற்றொன்பதை நான் மடிப்பேன். அதற்குள் அடுத்த குடும்பம் வந்துவிடும். பதினெட்டு வருஷத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தக் கடைக்கு ஒரு நாள் கீதா மேடம் வந்தார்கள். வங்கி வேலையை விட்டுவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டோடு இருந்தவர்கள். சேலையைப் பார்க்கவே இல்லை. கால் மணி நேரம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, "எங்க வீட்டுல கொஞ்சம் துணி இருக்கு. வந்து மடிச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார்கள். துவைத்த துணியாக இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்துப் போனேன். பதினாறு வருஷம் கழித்துத்தான் அந்த வேலை முடிந்தது.

மேடத்துக்கு ஒட்டுப்போர்வை தைக்கும் பைத்தியம். அவர்கள் அதை 'குவில்ட்' என்பார்கள். சின்னச் சின்னத் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு மேலே ஒரு விரிப்பு, அடியில் ஒரே துணியாக இன்னொரு விரிப்பு, நடுவில் மெத்தைபோல ஒரு பஞ்சு அடுக்கு. மூன்றையும் சேர்த்துத் தையல் போட்டால் போர்வை. வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கற்றுக்கொண்டு வந்தார்கள். முதலில் பொழுதுபோக்கு. பிறகு ஒவ்வொருவராக ஆர்டர் கொடுக்க ஆரம்பித்தார்கள். துணி வீட்டுக்குள் வந்தது. வந்த துணி வெளியே போகவில்லை.

முதல் நாள் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டிலுக்கு அடியில் துணி. பீரோவுக்கு மேலே துணி. ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கிற தட்டில் பட்டுத் துண்டுகள். இட்லிக் குண்டானுக்குள் பொத்தான்கள். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு கலர். நூல்கண்டுகள் வளையல் ஸ்டாண்டில் மாட்டியிருந்தன. மேடத்தின் கணவர் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவர். அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அவர் பசியோடு வந்து இட்லிக் குண்டானைத் திறந்து பார்த்தார். மூடினார். "இன்னைக்குக் கலர் கலரா இருக்கு" என்று சொல்லிவிட்டு மோர்சாதம் சாப்பிடப் போனார். அவ்வளவு பொறுமையான மனிதரை நான் பார்த்ததில்லை.

அதே வாரம் அஞ்சறைப்பெட்டியில் ஒரு தகராறு. அந்த வீட்டில் அஞ்சறைப்பெட்டி இரண்டு. ஒன்றில் கடுகு, சீரகம். இன்னொன்றில் குண்டூசி, கொக்கி, கறுப்பு மணி. இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர். மேடம் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஏழுமலை, இந்தக் கடுகு ஏன் வெடிக்கவே மாட்டேங்குது?" என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். கடுகு வெடிக்காது. ஏனென்றால் அது கடுகு இல்லை, பிளாஸ்டிக் மணி. எண்ணெயில் உருகி ஒரே கட்டியாக மிதந்துகொண்டிருந்தது. அன்று சாம்பார் கீழே போனது. நான் வேலையில் நிரந்தரமானேன்.

இப்போது நாங்கள் அடுக்கிய முறையைச் சொல்கிறேன். இதைக் கவனமாகப் படியுங்கள், வீட்டில் செய்து பார்க்கலாம்.

மேடம் வீட்டில் கொலு வைக்க ஒன்பது படி, நட்டு போல்ட்டு போட்டு முடுக்குகிற இரும்புப் படி. கொலு பத்து நாள்தான். மீதி நாளெல்லாம் அதைக் கழற்றிப் பரணில் போடுவார்கள். நான்தான், "மேடம், இது பரணில் இருக்கிறதுக்குப் பதிலா ஹாலிலேயே இருந்தா ஒன்பது அலமாரி கிடைச்ச மாதிரிதானே" என்று கேட்டேன். மேடம் என்னைப் பார்த்தார்கள், படியைப் பார்த்தார்கள். அன்றைக்கே ஹாலில் நிரந்தரமாக நிறுத்திவிட்டோம்.

அடுத்தது பரீட்சை அட்டை. நீங்கள் பரீட்சைக்குக் கொண்டுபோகிற அதே அட்டைதான். முதலில் கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும். கிளிப் துருப்பிடித்தால் துணியில் கறை விழும். துணியைக் கரையோடு கரை சேர்த்து இரண்டாக மடிக்க வேண்டும். மறுபடி மடித்தால் அட்டையின் உயரத்தைவிட ஒரு விரல் குறைவாக வரவேண்டும். துணியின் ஒரு முனையில் அட்டையை வைத்து உருட்டிக்கொண்டே போக வேண்டும். இறுக்கக் கூடாது, இறுக்கினால் சுருக்கம் விழும். கடைசி முனையை உள்ளே செருகிவிட வேண்டும். இப்போது அது ஒரு புத்தகம் மாதிரி நிற்கும். மடிப்பு வெளியே பார்க்கிற மாதிரி படியில் நிறுத்தினால், ஒன்றை உருவும்போது பக்கத்தில் இருப்பது சரியாது. மேல் படி வெள்ளை. அதற்குக் கீழே சந்தனம், மஞ்சள், இப்படியே இறங்கிக் கடைசிப் படி கறுப்பு. ஒவ்வொரு படியிலும் இடது பக்கம் வெளிறினது, வலது பக்கம் அழுத்தமானது.

மேடம் தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏழுமலை, அஞ்சாம் படி, இடது பக்கத்துலேருந்து ஆறு" என்பார்கள். எடுத்துக் கொடுப்பேன். தப்பாக இருந்ததே இல்லை. சார் ஒரு தடவை தன் சட்டையைத் துவைத்து மடித்து மறதியில் மேல் படியில் வைத்துவிட்டார். மேடம், "மேல் படி, மூணு" என்றார்கள். நான் எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சட்டை இப்போது பொத்தேரியில் யாரோ ஒருவர் வீட்டில் போர்வையாக இருக்கிறது.

பஞ்சு விரிப்புக்குத்தான் இடம் இல்லை. ஆள் உயரத்துக்குச் சுருளாக வரும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் வாடை அடிக்கும். அதனால் உள் அறைக் கட்டிலில் படுக்க வைத்து, தூசி படாமல் கழுத்துவரை போர்வை போர்த்தி, ஃபேன் போட்டு வைப்பேன். சாரோடு வேலை பார்த்த ஒருவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். கதவு இடுக்கில் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மூணு மாசமா" என்றார்.

"சாப்பாடெல்லாம்?"

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். அப்பப்போ திருப்பிப் போட்டா போதும்."

வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார். பழம் நன்றாக இருந்தது.

மேடம் எப்படிப்பட்ட முதலாளி என்று நீங்கள் கேட்கலாம். பதினாறு வருஷத்தில் ஒரு தடவை கூடத் திட்டியதில்லை. பொருள் காணவில்லை என்றால் தையலை நிறுத்துவார்கள். கண்ணாடியைக் கழற்றுவார்கள். உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்து என் கையில் கொடுத்து உட்காரச் சொல்வார்கள். "கேட்டைத் திறந்ததுலேருந்து சொல்லுங்க" என்பார்கள். செருப்பைக் கழற்றியது முதல் தொட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும். நடுவில் எதையும் விடக் கூடாது. அவசரப்பட்டால், "மோரைக் குடிங்க, மெதுவா" என்பார்கள். பாதி டம்ளருக்குள் பொருள் கிடைத்துவிடும். திட்டினால் கூடத் தாங்கிக்கொள்ளலாம். இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் மோர் ஊற்ற வந்தால், நான் எதைத் தொலைத்தேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கிற பெண் எல்லாத் துணியையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். போன மாதம் கூப்பிட்டு, "அண்ணா, உங்க காலத்துல ஒண்ணுமே தொலையாதாமே, மேடம் சொல்றாங்க" என்றாள். மேடம் பெருந்தன்மையானவர்கள். தொலைந்தது. நான்தான் தொலைத்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன்.

கொலுப் படியில் துணி இருப்பதால், நவராத்திரி வந்தால் துணிகள் இடம் பெயர வேண்டும். அமாவாசை அன்று காலையிலிருந்தே ஓட்டம்தான். மஞ்சள் படி காரின் டிக்கியில், பச்சைப் படி சாரின் புத்தக அலமாரியில், சிவப்பு வாஷிங் மெஷினுக்குள். எது எங்கே போனது என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். வெளியிலிருந்து வரும் துணிக்கு இன்னொரு கட்டுப்பாடு. உள்ளே வந்த நிமிஷமே பெயரும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டை ஊசி குத்தி மாட்ட வேண்டும். சீட்டு இல்லாத துணியைக் கீழே வைக்கவே கூடாது.

நான் தொலைத்த அந்த வருஷம், அமாவாசை அன்று, நான் கையில் பன்னிரண்டு அட்டையோடு ஸ்டூல் மேல் நிற்கும்போது, ரோஸி டீச்சர் வந்தார்கள். கோவளத்துக்காரர், ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மேடத்திடம் ஏற்கெனவே போனில் பேசியிருந்தார்கள். அவர் அப்பா படகு வைத்திருந்தவர். இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய கட்டம் போட்ட சட்டைகள் பதினொன்றை ஒரு பையில் கொண்டு வந்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் அவற்றை ஒரு போர்வையாகத் தைத்து அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும்.

"அம்மா வாராவாரம் இதைக் கொடியில போட்டு எடுத்து வெப்பாங்க, மேடம். யாரையும் தொடவிட மாட்டாங்க. இப்பதான் சரின்னு சொல்லியிருக்காங்க. ஆனா வெட்டுற அன்னைக்கு நான் கூட இருக்கணும்னு சொல்றாங்க."

"தாராளமா வரட்டும். நவராத்திரி, தீபாவளி முடிஞ்சு ஒரு சனிக்கிழமை வெச்சுக்கலாம்" என்றார்கள் மேடம்.

நான் ஸ்டூலிலிருந்து, "சார், அந்தப் பையை வாங்கி வைங்க, நான் இறங்கி வந்து சீட்டு போடறேன்" என்றேன். சார் வாங்கி வைத்தார். நான் இறங்கினேன். ஆனால் சீட்டு போடவில்லை. வாஷிங் மெஷினில் யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், சிவப்புத் துணியைக் காப்பாற்ற ஓடினேன். பை மனசிலிருந்து போய்விட்டது.

சார் அதை எங்கே வைத்தார் தெரியுமா? மாடிப்படிக்கு அடியில் ஒரு பை தொங்கும். அதில் சாரின் பழைய சட்டை, கிழிந்த வேட்டி எல்லாம் போட்டு வைப்போம். கொலு முடிந்ததும் பொம்மைகளைச் சுற்றிப் பெட்டியில் வைக்க அந்தத் துணிதான். புதுத் துணி பெயின்ட்டைச் சுரண்டும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழசுதான் பொம்மைக்கு நல்லது. சட்டை என்றால் பழைய சட்டைகளோடு சேர வேண்டும் என்று சார் நினைத்தார். கெமிஸ்ட்ரி வாத்தியார், ஒரே வகையை ஒரே இடத்தில் வைப்பார்.

விஜயதசமி மறுநாள் நான் பொம்மைகளைக் கட்ட உட்கார்ந்தேன். பையிலிருந்து கட்டம் போட்ட சட்டையாக வந்துகொண்டே இருந்தது. சார் வெள்ளை அரைக்கைச் சட்டை தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. சின்ன வயசில் சாருக்கும் கட்டம் போட்ட சட்டை ஆசை இருந்திருக்கிறது என்று நினைத்து, அவர்மேல் கொஞ்சம் பாசம் கூட வந்தது.

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. வழக்கமாகத் துணியைச் சுற்றிச் சணல் போட்டுக் கட்டுவோம். சட்டையிலோ பொத்தான் இருக்கிறது. பொம்மைக்குச் சட்டையையே மாட்டிப் பொத்தானைப் போட்டுவிட்டால் சணல் எதற்கு? தசாவதார செட்டில் பத்து பொம்மை. மீன் அவதாரத்துக்கு ஒரு நீலக் கட்டம். ஆமை அவதாரம் சட்டைக்குள் முழுகியே போனது, கையை இரண்டு சுற்றுச் சுற்றி முதுகில் முடிந்தேன். வாமனரின் குடை காலர் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பத்து பேருக்கும் கழுத்துவரை ஒரு பொத்தான் விடாமல் போட்டேன். பதினோராவது சட்டை மளிகைக் கடைக்காரர் பொம்மைக்கு. அவர் மனைவி பொம்மைக்குத்தான் சட்டை மிஞ்சவில்லை. துணி தேடி எடுத்து வரலாம் என்று அந்த அம்மாவைச் சாரின் மேஜைமேல் நிறுத்தி வைத்தேன். அதையும் மறந்தேன். அந்த வருஷம் எனக்கு என்ன பிடித்திருந்ததோ தெரியவில்லை.

மேடம் வந்து, கொலு முடிந்ததற்கு அடையாளமாக மரப்பாச்சியைப் பெட்டியில் படுக்க வைத்தார்கள். பெட்டியை மூடிக் கயிறு கட்டித் தன் கையால் முடிச்சுப் போட்டார்கள். அந்த வீட்டில் அது ஒன்றுதான் மாற்ற முடியாத சட்டம். தூங்கப் போன பொம்மையை அடுத்த நவராத்திரி வரை எழுப்பக் கூடாது. பெட்டி பரணுக்குப் போனது.

நவம்பரில் நல்ல மழை. ஒரு புதன்கிழமை ரோஸி டீச்சர் போன் செய்தார்கள். வருகிற சனிக்கிழமை அம்மாவும் அவரும் வருகிறார்கள். மேடம் போனை வைத்துவிட்டு, "ஏழுமலை, அந்தப் பதினொரு சட்டையை எடுங்க, இஸ்திரி போட்டு வெச்சிடலாம்" என்றார்கள்.

நோட்டைப் பார்த்தேன், அதில் இல்லை. படியில் இல்லை. டிக்கியில் இல்லை. கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு தேடினேன். வெளியே தலையை நீட்டினபோது, கண் முன்னால் மோர் டம்ளர் நின்றது.

"கேட்டைத் திறந்ததுலேருந்து சொல்லுங்க. அமாவாசை அன்னைக்கு."

சொன்னேன். ஸ்டூல், பன்னிரண்டு அட்டை, ரோஸி டீச்சர், வாஷிங் மெஷின். பத்து நாள் கொலுவையும் சொன்னேன். "மறுநாள் பொம்மையைக் கட்டினேன் மேடம், பழைய சட்டையில..."

"எந்தச் சட்டை?"

"சாரோட கட்டம் போட்ட சட்டை."

சார் பேப்பரை மடித்தார். "நான் ஜென்மத்துல கட்டம் போட்டதில்லையே."

டம்ளரில் இன்னும் முக்கால் மோர் இருந்தது. யாரும் குடிக்கச் சொல்லவில்லை.

மேடம் தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தார்கள். "அதே மாதிரி கட்டம் கடையில கிடைக்குமா?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே, "சேச்சே. அந்தம்மா ரெண்டு வருஷமா கையில வெச்சுப் பார்த்த துணி" என்று சொல்லிக்கொண்டார்கள். வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. பெட்டியைத் திறக்கவும் மனசில்லை, திறக்காமல் இருக்கவும் வழியில்லை. மேடம் ஒரு தையல் கூடப் போடவில்லை. நான் ஏணியை ஹாலில் கொண்டு வந்து சும்மா சாய்த்து வைத்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். கோவளத்திலிருந்து தாம்பரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ரோஸி டீச்சரின் அம்மா பெயர் அந்தோணியம்மா. ஒல்லியான உடம்பு, வெட்டிப் பேசுகிற வாய். உட்காரச் சொன்னோம். மேடம் பழக்க தோஷத்தில் மோர் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

"மழையில இன்னாத்துக்கு மோரு? சட்டைய காட்டுங்க" என்றார் அந்தோணியம்மா.

மேடத்துக்குப் பொய் வராது. "சட்டையெல்லாம் பத்திரமா இருக்கும்மா. ஆனா அடுத்த நவராத்திரி வரைக்கும் எடுக்க முடியாது."

அந்தோணியம்மா மகளைப் பார்த்தார். "இன்னாடி சொல்றாங்க? அடகு வெச்சுட்டாங்களா?"

"அம்மா, சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? அந்த ஆளு சட்டைய நானே யாருக்கும் கொடுத்ததில்ல. பீரோவ தொறந்தா அந்த வாசனை வரும். இப்போ தொறந்தா பாச்சா உருண்டை வாசனைதான் வருது. ரெண்டு மாசமா எனுக்குத் தூக்கம் இல்ல. வெட்டறதுக்கு இல்ல, திருப்பி வாங்கிக்கினு போவத்தான் நான் வந்தேன்."

ரோஸி டீச்சருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. நான் எழுந்து நின்று, "தப்பு என்னோடதும்மா, சீட்டு போடாம விட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மைக்குப் பொத்தான் போட்டதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது சார் உள்ளேயிருந்து வந்தார். கையில் மளிகைக் கடைக்காரர் மனைவி பொம்மை. அதன் மூக்கில் சாரின் கண்ணாடி. கொலு முடிந்த நாளிலிருந்து அவர் அதைக் கண்ணாடி ஸ்டாண்டாக வைத்துக்கொண்டிருக்கிறார். அதை மேடம் முன்னால் வைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்துத் தான் போட்டுக்கொண்டார்.

"கீதா, இந்தம்மா இன்னும் தூங்கலையே" என்றார்.

மேடம் பொம்மையைப் பார்த்தார்கள். பொம்மையும் மேடத்தைப் பார்த்தது. வங்கியில் இருபது வருஷம் விதிமுறைப் புத்தகம் படித்தவர்கள். முகம் மெதுவாகத் தெளிந்தது.

"ஒருத்தர் முழிச்சிருந்தா கொலு முடியலைன்னுதானே அர்த்தம்?"

"அப்படித்தான் எனக்கும் படுது" என்றார் சார்.

"ஏழுமலை, ஏணி."

ஏணி ஏற்கெனவே இருந்தது. பெட்டியை இறக்கினோம். மேடம் தன் முடிச்சைத் தானே அவிழ்த்தார்கள். மூடியைத் திறந்தபோது நான் தையல் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பெட்டிக்குள் பத்து அவதாரங்களும் கட்டம் போட்ட சட்டையில், கழுத்துவரை பொத்தான் போட்டு, குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் மளிகைக் கடைக்காரர் சிவப்புக் கட்டத்தில். வாமனர் குடையோடு.

"அண்ணா, இது இன்னா கூத்து? எங்கப்பா சட்டை அது" என்றார்கள் ரோஸி டீச்சர். குரல் உடைந்துவிட்டது. மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்கள்.

அந்தோணியம்மா தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பொம்மையாக எடுத்துத் தன் முன்னால் வரிசையாக நிறுத்தினார். மீன் பொம்மையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரைவலை இழுக்கச் சொல்ல இதைத்தான் போடுவாரு. நீ இன்னான்னா அத்த மீனுக்கே மாட்டி வுட்டுக்கீறே."

"தெரியாம பண்ணிட்டேன்மா" என்றேன் மெஷினுக்குப் பின்னாலிருந்து.

"முன்னாடி வாய்யா, கடிக்க மாட்டேன். யாரு இந்தப் பொத்தானெல்லாம் போட்டது?"

"நான்தான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்மா. ஒண்ணு கூட விடல."

அந்தோணியம்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து ரோஸி டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். அழுகை இல்லை. சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். "முப்பத்தஞ்சு வருசம் கத்திப் பாத்தேன்டி உங்கப்பன் கிட்ட, மேல் ரெண்டு பொத்தான போடுய்யான்னு. கோயிலுக்கு வரச் சொல்ல கூட தொறந்து போட்டுக்கினுதான் வருவான். இப்ப பாரு, பதினோரு பேரும் எப்படி ஸ்கூல் புள்ளைங்க மாதிரி குந்திக்கினுக்கீறாங்க." ரோஸி டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சார் மறுபடி பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார், பேப்பர் ஆடிக்கொண்டிருந்தது.

சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. சட்டைகளைத் திருப்பிக் கொடுப்பதற்காக நான் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். அந்தோணியம்மா பையை வாங்கவில்லை. மீன் பொம்மையை மடியில் வைத்து, அதன் சட்டையில் மேல் பொத்தானைக் கழற்றினார். அடுத்ததையும் கழற்றினார். காலரைக் கொஞ்சம் விலக்கிவிட்டார். பிறகு ஆமை, பன்றி, சிங்கம், வாமனர் என்று வரிசையாகப் போனார். ஒவ்வொன்றுக்கும் மேலே இரண்டு பொத்தான், அதற்குமேல் இல்லை. பதினொன்றும் முடிந்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தார்.

"ம். இப்பதான் அந்த ஆளு மாதிரி கீது" என்றார்.

மேடம் மெதுவாக, "எடுத்துட்டுப் போறீங்களாம்மா?" என்று கேட்டார்கள்.

அந்தோணியம்மா மீன் பொம்மையின் நீலச் சட்டையைக் கழற்றினார், மடியில் போட்டுக் கையால் நீவினார். "பீரோவுல வெச்சு இன்னா பண்றது. மேல போத்திக்கினா குளுராவது தாங்கும்" என்று சொல்லி அதை மேடத்திடம் நீட்டினார். "இதுலேருந்து வெட்டுங்க. படகு எறக்கச் சொல்ல எப்பவும் அவருதான் முன்னாடி நிப்பாரு."

மேடம் கத்தரிக்கோலை எடுத்தார்கள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன், அந்தோணியம்மா இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார்.